கடைசி வரிசைக்கும் கேட்பதற்கு: சிறிய ஒலிபெருக்கித் தொகுதியுடன் மேலதிக பவர்ட் ஸ்பீக்கர்களை இணைக்கும் முறை

பொதுநோக்கு மண்டபக் கூட்டமானாலும் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியானாலும் வன்னியில் இப்போது பெரும்பாலும் சில்லுப் பூட்டிய, பற்றரியில் இயங்கும் ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டிதான் கொண்டுவரப்படுகிறது. ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்துக்கு அது தாராளமாகப் போதும். சிறுபோகக் கூட்டத்துக்கு வந்த கமக்காரர்கள் மண்டபம் நிரம்பி வெளியே மரநிழல்வரை நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "அண்ணை, பின்னுக்குக் கேக்கேல்லை, சத்தத்தைக் கூட்டுங்கோ" என்று ஒருவர் கத்துவார். ஒலிமட்டக் குமிழ் கடைசிவரை திருப்பப்படும். முன்வரிசையினர் காதைப் பொத்துவர். மைக் கூவத் தொடங்கும். பின்னால் நிற்பவருக்கு அப்போதும் சொற்கள் பிரிந்து கேட்காது.

இதற்குக் காரணம் பெட்டியின் தரக்குறைவு அன்று. திறந்தவெளியில் ஸ்பீக்கருக்கும் கேட்பவருக்கும் இடையிலான தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. 10 மீற்றரில் கேட்கும் அதே அளவை 40 மீற்றரில் கொடுக்க வேண்டுமானால் 12 டெசிபெல் கூட்ட வேண்டும். அதற்கு அம்ப்ளிபயரின் வலு ஏறத்தாழ 16 மடங்காக வேண்டும். குளத்தின் துருசை எவ்வளவு திறந்தாலும் வாய்க்கால் தலைப்பிலுள்ள வயல் மூழ்குமே தவிரக் கடைவயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராதது போன்ற நிலைதான் இது. ஆகவே சத்தத்தைக் கூட்டுவதை விட்டு, பின்னால் நிற்பவர்களுக்கு அருகில் இன்னொரு ஸ்பீக்கரை நிறுத்துவதே சரியான வழி. அந்த மேலதிக ஸ்பீக்கர் தன்னுள்ளேயே அம்ப்ளிபயர் கொண்ட பவர்ட் ஸ்பீக்கராக இருந்தால் வேலை மிக எளிது. முதற்பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய சமிக்ஞையை மட்டும் அதற்குக் கொடுத்தால் போதும், மீதி வலுவை அது தன் மின்இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

எந்தத் துளையில் என்ன வருகிறது

இந்த வேலையில் கருவி எரிந்துபோகும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பெட்டியின் பின்பக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றும் பல துளைகள் இருக்கும். அவற்றிலிருந்து வெளிவரும் மின்னழுத்தமோ ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபடக்கூடியது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ற்று. லைன் அவுட்டில், அதாவது அடுத்த கருவிக்குச் சமிக்ஞை கொடுக்கும் துளையில், வருவது, தொழில்முறைக் கருவியானால் ஏறத்தாழ 1.2 வோல்ற்று, வீட்டுப் பாவனைக் கருவியானால் அதன் நான்கில் ஒரு பங்கு. ஸ்பீக்கர் அவுட்டில் வருவதோ, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாற்று கொடுக்கும் அம்ப்ளிபயரில் 28 வோல்ற்று. பவர்ட் ஸ்பீக்கரின் உள்ளீடு எதிர்பார்ப்பது இரண்டாவதை. மூன்றாவதை அதற்குள் செலுத்தினால் உள்ளீட்டுச் சுற்று கெடலாம். கெடாவிட்டாலும் வருவது கிழிந்த சத்தம் மட்டுமே. இன்றைய சிறிய அம்ப்ளிபயர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் வெளியீட்டின் இரு முனைகளில் எதுவும் புவியுடன் தொடுக்கப்பட்டிருப்பதில்லை என்பதால், அவற்றை மற்றைய பெட்டியின் புவி முனையுடன் சேர்க்கும்போது முதற்பெட்டியின் அம்ப்ளிபயரும் சேர்ந்தே போய்விடக்கூடும்.

துளையின் வடிவத்தை நம்பக்கூடாது, அதன் மேல் எழுதப்பட்டிருப்பதையே நம்ப வேண்டும். யமஹா ஸ்டேஜ்பாஸ் 400, 600 வகைகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றின் சொந்த ஸ்பீக்கர்கள் அம்ப்ளிபயர் இல்லாதவை. அவற்றுக்கு வலு கொடுக்கும் துளையும் மொனிற்றர் அவுட் என்ற லைன்மட்டத் துளையும் ஒரே கால் அங்குல ஜக்கையே ஏற்கின்றன. மேலதிக பவர்ட் ஸ்பீக்கருக்குச் செல்ல வேண்டியது மொனிற்றர் அவுட்டிலிருந்து. போஸ் எஸ்1 புரோ போன்ற ஒற்றைப் பெட்டிகளில் லைன் அவுட் என்று ஒரு துளை மட்டுமே இருப்பதால் குழப்பம் இல்லை. பெயர் குறிப்பிடாத சில்லுப் பெட்டிகளில் லைன் அவுட், மிக்ஸ் அவுட், லிங்க், ரெக் அவுட், ஓக்ஸ் அவுட் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தேடுங்கள். இவை ஒன்றுமே இல்லாமல் ஸ்பீக்கர் அவுட் மட்டும் இருந்தால், அந்தப் பெட்டியிலிருந்து எடுக்க முயல வேண்டாம். ஒரு சிறிய மிக்சரை வாங்கி, மைக்கையும் போனையும் அதில் செருகி, அதன் வெளியீட்டை இரு பெட்டிகளுக்கும் பிரித்துக் கொடுப்பதே மலிவான தீர்வு.

கோயில்களில் கூம்பு ஒலிபெருக்கிகளுக்காக வைத்திருக்கும் அம்ப்ளிபயர்களில் 70 அல்லது 100 வோல்ற்று என்று குறிக்கப்பட்ட முனைகள் இருக்கும். அது நீண்ட வயரில் பல கூம்புகளை இணைப்பதற்கான உயர் அழுத்த வெளியீடு. பவர்ட் ஸ்பீக்கரின் அருகிலும் அதைக் கொண்டுவரக்கூடாது. கூம்புகளையும் பெட்டியையும் ஒன்றாக இயக்க விரும்பினால், பெட்டியின் லைன் அவுட்டை அந்த அம்ப்ளிபயரின் ஓக்ஸ் உள்ளீட்டுக்குக் கொடுத்து எதிர்த்திசையில் செல்லுங்கள்.

கேபிள்

இரு முனைகளிலும் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் கொண்ட, இரு வயர்களும் மேலே வலைக்கவசமும் உள்ள மைக் கேபிள்தான் இந்த வேலைக்கு முதலிடம் பெறுவது. முதலாம் ஊசிக்குக் கவசம், இரண்டாம் ஊசிக்கு நேர், மூன்றாம் ஊசிக்கு எதிர். இந்த ஒழுங்கு இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே சமிக்ஞை இரு வயர்களிலும் எதிரெதிராகச் சென்று மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றது கழிக்கப்படுவதால், வழியில் இரண்டிலும் சமமாகப் புகுந்த இரைச்சல் நீங்கிவிடுகிறது. இத்தகைய கேபிளை மைதானத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 100 மீற்றர் இழுத்தாலும் பாதகமில்லை. ஒற்றை வயரும் கவசமும் மட்டுமே கொண்ட ஆர்சிஏ (ரீவி, டிவிடி கருவிகளில் காணும் சிவப்பு, வெள்ளை முனை), சாதாரண ஜக் கேபிள்களை 5, 6 மீற்றருக்கு மேல் நீட்டாதிருப்பது நல்லது. பெட்டியில் ஆர்சிஏ வெளியீடு மட்டுமே இருந்தால், அதன் அருகிலேயே, ஒற்றை வயர்ச் சமிக்ஞையை இரு வயர்ச் சமிக்ஞையாக மாற்றும் டிஐ பெட்டி என்ற சிறு கருவியை வைத்து அங்கிருந்து மைக் கேபிளை இழுங்கள். டிஐ பெட்டி மைக் மட்டச் சமிக்ஞையையே கொடுக்கும் என்பதால் அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் மறுபக்க ஸ்பீக்கரின் மைக்-லைன் சுவிச்சு மைக் பக்கம் இருக்கும். மற்ற எல்லா வேளையிலும் அது லைன் பக்கமே இருக்க வேண்டும்.

போனிலிருந்தோ பெட்டியின் ஹெட்போன் துளையிலிருந்தோ எடுக்கும் போது ஒரு விசித்திரம் நிகழும். மூன்று தொடுமுனைகள் கொண்ட ஸ்டீரியோ ஜக்கை நேரே எக்ஸ்எல்ஆருக்கு மாற்றித்தரும் கேபிள்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றால் இணைத்துப் பாட்டைப் போட்டால் வாத்தியங்கள் கேட்கும், பாடுபவரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போய்விடும். ஸ்பீக்கர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழிக்கிறது. குரல் இரு பக்கத்திலும் சமமாகப் பதியப்பட்டிருப்பதால் கழிந்து மறைந்துவிடுகிறது. ஸ்பீக்கர் பழுது என்று திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஸ்டீரியோவை இரண்டு தனி ஜக்குகளாகப் பிரிக்கும் கேபிளை வாங்கி ஒன்றை மட்டும் செருகி, போனின் அமைப்பில் மோனோ ஒலியை இயக்கிவிட்டால் முழுப் பாட்டும் வந்துவிடும்.

புளூடூத் மூலம் இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும் வசதி பல புதிய பெட்டிகளில் உண்டு. பாட்டுக்கு அது சரி. மைக்கில் பேசும்போது குரல் இரண்டாவது பெட்டியில் 100 மில்லிசெக்கனுக்கும் மேல் பிந்தி வருவது வழக்கம் என்பதால் அறிவிப்புக்கு அதைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்கள்

இரண்டாவது பெட்டியின் பின்பக்கத்தில் லிங்க் அல்லது துரூ என்ற துளை இருந்தால், அங்கிருந்து மூன்றாவதுக்கும் அதிலிருந்து நான்காவதுக்கும் சங்கிலியாகச் செல்லலாம். லைன் வெளியீட்டின் உள்தடை பொதுவாக நூறு, இருநூறு ஓம். ஒவ்வொரு பவர்ட் ஸ்பீக்கரின் உள்ளீட்டுத் தடை 10,000 ஓம் அளவில். நான்கு ஸ்பீக்கர்களைச் சமாந்தரமாக இணைத்தாலும் மொத்தம் 2,500 ஓம் இருப்பதால் முதற்பெட்டிக்கு எந்தச் சுமையும் இல்லை. அம்ப்ளிபயர் இல்லாத ஸ்பீக்கர்களில் பார்க்க வேண்டிய 8 ஓம், 4 ஓம் கணக்கு இங்கே பொருந்தாது.

துரூ என்பது பெரும்பாலும் உள்ளீட்டுத் துளையுடன் நேரே பிணைக்கப்பட்ட ஒன்று. அந்த ஸ்பீக்கரின் மின்சாரம் போனாலும் அடுத்ததற்குச் சமிக்ஞை சென்றுகொண்டே இருக்கும். மிக்ஸ் அவுட் அப்படியன்று. அது அந்தப் பெட்டியின் உள்மிக்சரைக் கடந்து வருவதால், ஒரு பிளக் கழன்றால் அதற்குப் பின்னுள்ள அத்தனையும் மௌனமாகிவிடும். உங்களுடைய பெட்டி எந்த வகை என்பதை நிகழ்ச்சிக்கு முதல்நாள் இரண்டாவதன் ஒலிமட்டத்தை முழுமையாகக் குறைத்துப் பார்த்து அறியலாம்: மூன்றாவதும் குறைந்தால் அந்த வெளியீடு குமிழுக்குப் பிந்தியது, குறையாவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்யலாம்.

எங்கே நிறுத்துவது

ஸ்பீக்கர்களை இணைத்துவிட்டுச் சத்தம் வருகிறது என்ற திருப்தியில் அநேகர் நின்றுவிடுகிறார்கள். உண்மையில் பேச்சு விளங்குமா விளங்காதா என்பதைத் தீர்மானிப்பது இனிமேல்தான்.

நமது வெக்கையில், 30 பாகை செல்சியசில், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். மேடையருகே ஒன்றும் 40 மீற்றர் தள்ளி இன்னொன்றும் ஒரே திசையை நோக்கி நின்றால், பின்னால் இருப்பவருக்கு அருகிலுள்ளது உடனே கேட்க, முதலாவதன் ஒலி 115 மில்லிசெக்கன் பிந்தி வந்து சேரும். 50 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட பிந்தலைக் காது எதிரொலியாகவே கேட்கும். ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் விழும். "மூன்றாம் இடம்" என்று அறிவித்தது எந்த இல்லத்துக்கு என்று கூடாரத்துக்குள் வாக்குவாதம் வருவது இதனால்தான்.

பின்பக்க ஸ்பீக்கரில் ஒலியை வேண்டிய அளவு பிந்தவிடும் டிலே என்ற அமைப்பு இருந்தால் தீர்வு நேரடியானது. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அடியளந்து, ஒவ்வொரு மீற்றருக்கும் 2.9 மில்லிசெக்கன் என்று பெருக்கி, அதனுடன் இன்னும் 10 மில்லிசெக்கன் சேர்த்துக் கொடுங்கள். 40 மீற்றருக்கு 126 வரும். அந்தப் பத்தைச் சேர்ப்பதற்குக் காரணம், முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே மனிதக் காது ஒலியின் திசையாகக் கொள்ளும் என்பது. அப்போது பின்னால் இருப்பவர் அருகிலுள்ள பெட்டியின் உதவியோடு கேட்டாலும், குரல் மேடையிலிருந்து வருவதாகவே உணர்வார்.

டிலே அமைப்பு இல்லாத சாதாரண பெட்டிகளே நம்மிடம் கூடுதலாக இருப்பதால், மைதானத்துக்கு நான் விரும்புவது வேறொரு முறை. அறிவிப்பாளர் மேசையை ஓடுபாதையின் ஒரு கோடியில் போடாமல் நீளப்பக்கத்தின் நடுவில் போட்டு, இரு ஸ்பீக்கர்களையும் அதன் அருகிலேயே, ஒன்று ஒரு கோடியையும் மற்றது மறு கோடியையும் பார்க்கும்படி முதுகோடு முதுகாக நிறுத்துங்கள். ஒலி ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதால் யாருக்கும் எதிரொலி இல்லை. எவரும் பாதி மைதான நீளத்துக்கு மேல் தள்ளி இருக்கவும் மாட்டார்கள். அறிவிப்பாளர் இரண்டுக்கும் முன்னால் வராமல் சற்றுப் பின்வாங்கி அமர வேண்டும். மண்டபத்திலோ, இரண்டாவதை 15 மீற்றருக்குள் வைத்தால் பிந்தல் 43 மில்லிசெக்கனுக்குள் அடங்கி, டிலே இல்லாமலேயே சமாளிக்கலாம்.

மைக் எப்போதும் எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பின்னால் இருக்க வேண்டும் என்பது மாறாத விதி. பரிசளிப்பின்போது மைக்கை எடுத்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நடப்பவர்களிடம், பின்பக்க ஸ்பீக்கரின் முன் போக வேண்டாம் என்றும் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பேசாத மைக்குகளை அணைத்துவைப்பதும் கூவலைத் தள்ளிப்போடும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போது கூவாமல் கொடுக்கக்கூடிய ஒலி 3 டெசிபெல் குறைகிறது.

ஸ்பீக்கரின் மேற்பகுதியிலுள்ள சிறு கூம்பு, அமர்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். தரையில் வைத்த பெட்டியின் தெளிவான ஒலியை முதல் இரண்டு வரிசைகளின் முதுகே விழுங்கிவிடும். முக்காலியில் ஏற்றினால் கால்களை முழுதாக விரித்து, ஒவ்வொரு காலிலும் மண் நிரப்பிய உரப்பையைக் கட்டுங்கள். வைகாசியிலிருந்து ஆவணிவரை சோளகம் வீசும் வெளிகளில் இது முக்கியம். காற்று வேறொரு வகையிலும் கவனிக்கப்பட வேண்டியது: காற்று போகும் திசையில் செல்லும் ஒலி நிலத்தை நோக்கி வளையும், எதிர்த்துச் செல்லும் ஒலி மேலெழுந்து தலைகளைத் தாண்டிவிடும். எனவே சோளக காலத்தில் மேடையைத் தென்மேற்கிலும் சனத்தை வடகிழக்கிலும் அமைக்க முடிந்தால் ஒரு ஸ்பீக்கர் மிச்சம்.

மின்சாரம்

மேலதிக ஸ்பீக்கர் வெளிநாட்டு உறவினர் அனுப்பியதானால், எதற்கும் முதலில் பின்பக்க லேபிளை வாசியுங்கள். 100–240 வோல்ற்று என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். கனடாவில் வாங்கியது 120 வோல்ற்று என்று மட்டும் சொல்லுமானால், இங்குள்ள 230 வோல்ற்றில் செருகிய கணமே அது முடிந்துவிடும். பிளக் அடப்டர் ஊசியின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ற்றளவை மாற்றாது. அதற்குத் தகுந்த கொள்ளளவுள்ள படிகுறை நிலைமாற்றி வேண்டும். சில பெட்டிகளில் 115–230 தெரிவுச் சுவிச்சு ஒன்று இருக்கும்; அதையும் சரிபாருங்கள்.

வகுப்பறையிலிருந்து கூடாரத்துக்கு இழுக்கும் வயர் மெல்லியதாக இருந்தால் வோல்ற்றளவு வழியிலேயே குறையும். 50 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 5 அம்பியர் சென்றால் இழப்பு 6 வோல்ற்று அளவில், 0.75 வயரில் அது இரட்டிப்பு. மாலையில் ஏற்கெனவே மின்னழுத்தம் தளரும் கிராமங்களில் இந்த 12 வோல்ற்றும் சேர்ந்தால் பெட்டி அவ்வப்போது தானாக அணைந்து எழும்பும். சுருளில் சுற்றிய எக்ஸ்டென்சன் வயரை முழுதாக அவிழ்த்தே பாவியுங்கள், சுருளுக்குள் வெப்பம் தேங்கி உறை உருகும். சமிக்ஞைக் கேபிளும் மின்சார வயரும் அருகருகே ஓடாமல், கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். மின்பிறப்பாக்கியைச் சனத்திலிருந்து தள்ளி, காற்று போகும் பக்கத்தில் வையுங்கள்; புகையும் சத்தமும் திரும்பி வராது. ஈரநிலத்தில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சு இல்லாத இணைப்பிலிருந்து எடுக்க வேண்டாம்.

இரண்டு பெட்டிகளையும் இணைத்தவுடன் தாழ்ந்த உறுமல் ஒன்று கேட்டால், இரண்டும் வெவ்வேறு இடங்களில் புவித்தொடுப்புப் பெற்று, கேபிளின் கவசம் வழியாக ஒரு வளையம் உருவாகியிருக்கிறது என்று பொருள். முதற்பெட்டியின் சார்ஜர் பிளக்கைக் கழற்றிப் பற்றரியில் மட்டும் ஓடவிடுங்கள். உறுமல் நின்றால் சந்தேகம் உறுதி. பல மணி நேரம் பற்றரி தாங்குமானால் அதுவே தீர்வும் ஆகும். இல்லையேல் எல்லாவற்றையும் ஒரே மின்னிணைப்பிலிருந்து எடுங்கள், அல்லது இடையில் ஒலிக்கான தனிமைப்படுத்தும் நிலைமாற்றியைச் செருகுங்கள். பிளக்கின் புவி ஊசியை வெட்டி உறுமலை நிறுத்துபவர்கள் உண்டு. உறுமல் நிற்கும், பிறகு பெட்டிக்குள் ஏதேனும் ஒழுக்கு ஏற்பட்டால் அந்த மின்சாரம் மைக்கைப் பிடித்திருப்பவரின் கை வழியாகப் போகும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இயக்கும் ஒழுங்கு

எல்லாக் குமிழ்களும் குறைந்த நிலையில் இருக்க, முதலில் மைக் செருகிய பெட்டியை அல்லது மிக்சரை இயக்குங்கள். அதன் பிறகே மேலதிக ஸ்பீக்கர்களை. அணைக்கும்போது எதிர்மாறாக, ஸ்பீக்கர்கள் முதலில், மிக்சர் கடைசியில். இந்த ஒழுங்கு தவறினால் எழும் "டப்" என்ற அடி சிறு கூம்புகளைப் பழுதாக்கும். அறிவிப்பாளரை நிகழ்ச்சியில் பேசப்போகும் அதே உரப்பில் பேசச் சொல்லி, மைக்கின் உள்ளீட்டை மிகையொலி விளக்கு எரியாத எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பின்னர் முதற்பெட்டியை முன்வரிசைக்குப் போதுமான அளவில் விட்டு, பின்பக்க ஸ்பீக்கரின் அருகே ஒருவரை நிறுத்தி அதை மெல்ல உயர்த்துங்கள். அது தனியாக உரத்துக் கேட்கத் தொடங்கினால் அளவு கூடிவிட்டது. சனம் வந்து நிறைந்ததும் உடல்கள் ஒலியை உறிஞ்சுவதால் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஒலிபெருக்கிக்கான பொலிஸ் அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள். 2007ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வழங்கிய கட்டளைக்குப் பின்னர் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்துக்கு அனுமதி பொதுவாகக் கிடைப்பதில்லை. மேலதிக ஸ்பீக்கர்கள் பூட்டப்பட்ட நிகழ்ச்சி அயற்கிராமம்வரை கேட்கும் என்பதால் பெட்டிகளின் முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ப்பதும் பொருத்தமானது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஜக்குகளில் படிந்த புழுதியை உலர்ந்த துணியால் துடைத்து மூடிவையுங்கள். சில்லுப் பெட்டியின் உள்ளே ஈய அமிலப் பற்றரி இருந்தால் அன்றிரவே முழுதாகச் சார்ஜ் செய்ய வேண்டும். வெறுமையாக அடுத்த திருவிழாவரை அறையில் கிடந்தால் அதன் கொள்ளளவு திரும்பி வராது. லித்தியம் பற்றரியானால் பாதியளவு சார்ஜில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.